அந்த ஐந்து ஊர்களுக்கு மறுபடியும் போக வேண்டும்

நண்பர்களே, வணக்கம். அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா, ஊர் திரும்பிய கையோடு மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971இல் தொடங்கிய நிறுவனம் இது. 1977இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழ்நாடு அரசும் இதற்குப் புரவலர்கள் ஆயின. சரி, நம் வரிப்பணத்தில் நடக்கும் இடம் நமக்கு என்ன தந்தது?

ஒரே ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுக்க வைத்தார். தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் ஆகியவற்றோடு இருவேல்பட்டும் அதில் ஒன்று. கடனில் விழுந்து, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி அன்றைக்கே எழுதி வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் குழு அதே ஊர்களுக்குப் போனது. 1980களில் இந்த நிறுவனத்து ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்குப் போனவர்களில் எஸ். குகனும் ஒருவர். தமிழ்நாட்டின் நிதிச் செயலாளராக இருந்தவர், கோட்டையில் கோப்பு பார்த்த மனிதர், களத்துமேட்டில் கூலிக் கணக்கு கேட்டு எழுதினார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதைக்கு இதுவே காரணம். 2008இல் இதே நிறுவனத்தின் கே. நாகராஜும், ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன் ஆகியோரும் இன்னொரு தடவை இருவேல்பட்டுக்குப் போனார்கள்.

தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒரே ஊரின் கதை கையில் இருக்கிறது. நிலக்காரர் பிடி எப்படித் தளர்ந்தது, தலித் மக்கள் வாழ்க்கை எவ்வளவு மாறியது, எவ்வளவு மாறவில்லை என்று ஊகமாக இல்லாமல் ஆதாரத்தோடு பேச முடிகிறது. இதற்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கிறவர்களிடம் இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் போகிற வேலையைச் சொல்லவே முடியாது. பொதுப்பணம்தான் அதைத் தாங்கும்.

நாகராஜின் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, 1997 முதல் 2006 வரை நாட்டில் 1,66,304 விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று காட்டினார். எண்கள் அரசு ஏட்டிலேயே இருந்தவைதான். அவற்றைக் கூட்டிப் பார்த்து, எந்த மாநிலத்தில் அதிகம் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டார். அரசு உதவியில் நடக்கும் இடத்திலிருந்து அரசுக்குச் சங்கடமான கணக்கு வருவதைத் தவறு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கணக்குக்காகவும் சேர்த்துத்தான் நாம் வரி கட்டுகிறோம்.

அதனால் இரண்டு கோரிக்கை. அரசுகள் இத்தகைய நிறுவனங்களுக்கு நிரந்தர ஆய்வாளர் பணியிடங்களைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். திட்டத்துக்குத் திட்டம் ஆள் மாறினால் பழைய ஊரைத் தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அப்புறம் மாணவர்களே, ஸ்லேட்டர் அனுப்பியவர்களும் உங்களைப் போலக் கல்லூரிப் பிள்ளைகள்தான். வருகிற விடுமுறையில் உங்கள் ஊரில் யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.