சொக்கர் யார் பெற்ற பிள்ளை?

வணக்கம் நேயர்களே. கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து முள்ளியவளைக்கு வந்த என் பேரன், "அம்மப்பா, சொக்கர் விளையாடப் போகிறேன்" என்றான். மதுரைச் சொக்கநாதரை நினைத்துவிடாதீர்கள். அவன் சொன்னது நம்முடைய உதைபந்தாட்டத்தை.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் உடனே திருத்தினார்: "தம்பி, அது அமெரிக்கன் கெடுத்த சொல். இங்கிலாந்துக்காரன் ஃபுட்போல் என்றுதான் சொல்லுவான்." அவருடைய மகனோ, நீளச் சொக்ஸ் போட்டு ஆடுவதால்தான் அந்தப் பெயர் என்றான். சப்பாத்துக்கே வழியில்லாமல் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைத்து வளர்ந்தவன் நான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டும் பிழை. அந்தச் சொல் இங்கிலாந்திலேயே பிறந்தது. அங்கே ஒரு காலத்தில் பள்ளிக்கொரு விதி; ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், இன்னோரிடத்தில் அது குற்றம். 1863இல் லண்டன் மதுச்சாலை ஒன்றில் கூடியவர்கள் பொதுவிதி வகுக்க 'ஃபுட்போல் அசோசியேஷன்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். கையில் தூக்கி ஓடும் கட்சி 1871இல் ரக்பிக்கெனத் தனிச் சங்கம் கண்டது. ஆக, அசோசியேஷன் ஃபுட்போல், ரக்பி ஃபுட்போல் என்று இரண்டு ஆட்டங்கள்.

ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர்களுக்குச் சொல்லை நறுக்கி, வாலில் 'அர்' ஒட்டும் பழக்கம் இருந்தது. காலை உணவான பிரேக்ஃபாஸ்ட் 'பிரெக்கர்' ஆனது, ரக்பி 'ரகர்' ஆனது. அசோசியேஷனின் ஆங்கில எழுத்துகளில் நடுவே வரும் எஸ், ஓ, சி மூன்றையும் தனியே படித்தால் 'சொக்'. அதோடு 'அர்' சேர்ந்தது. முதல் மூன்று எழுத்தைப் பிடித்திருந்தால் கழுதை என்று பொருள் வந்திருக்கும்! நாமும் இதைத்தானே செய்கிறோம்? சுப்பிரமணியத்தின் தலையை வெட்டி, 'மணியண்ணை' என்கிறோம்.

சார்ள்ஸ் ரெஃபோர்ட் பிரவுண் என்ற ஒக்ஸ்ஃபோர்ட் ஆட்டக்காரர் ஒருநாள் காலையில் வாய்போக்கில் சொன்னதுதான் இந்தச் சொல் என்றும் ஒரு கதை உண்டு. சுவையான கதை, சான்றுதான் இல்லை.

அமெரிக்கச் சங்கம் 1913இல் தொடங்கியபோது அதன் பெயரில் சொக்கர் இல்லவே இல்லை. 1945இல்தான் ஏறியது, ஃபுட்போல் என்ற சொல் 1974இல் கழன்றது. இங்கிலாந்துப் பத்திரிகைகளோ அதுவரை இரண்டு சொற்களையும் கூச்சமின்றி எழுதிக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் வேலிக்கு மேலால் சொல்லி முடித்தேன். "அப்படியென்றால் இப்போது அவர்களுக்கு ஏன் அந்தச் சொல் பிடிக்கவில்லை?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்கர் அதைச் சொந்தமாக்கிக்கொண்ட பிறகு இவர்களுக்குக் கசந்துவிட்டது என்றேன். "அதைத்தானே நானும் முதலில் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.