அலங்காரமா? அங்கமா?

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருக்கிற மூவருக்கும், என் அணித் தலைவருக்கும், நல்லூரில் கச்சான் வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்து இன்னும் கொறித்துக்கொண்டிருக்கிற சபைக்கும் வணக்கம்.

கணவனின் தொழில் சபையில் மனைவி அலங்காரமா, அங்கமா என்பது தலைப்பு. அங்கம் என்ற அணியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் வாத்தியார் அல்லவா, வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். என் முகநூலுக்குள் புகுந்து ஒரு படத்தைத் தேடி எடுத்து, அதைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசினார். படத்தில் என் கணவர் கருநீலச் சீருடையில் பதக்கங்களோடு நிற்கிறார். பக்கத்தில் நான், மாம்பழ நிறப் பட்டுச் சாறியில். "இவ கையில் வாள் இல்லை, துவக்கு இல்லை, ஒரு பேனை கூட இல்லை. ஒரு சின்னப் பை மட்டும்தான். இது அலங்காரம் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது 2014-இல் டெக்சாஸ் மாநிலத்தில் எடுத்த படம். அமெரிக்கப் படைப்பிரிவுகள் நடத்துகிற பெரிய இராவிருந்து அது. ஆங்கிலத்தில் 'போல்' (ball) என்பார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது கிரிக்கெட் ஆக்கும் என்று நினைத்தா. கோண்டாவில் பொடியன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே படிக்கப் போனவர். 2009-இல் அமெரிக்கப் படை ஒரு திட்டம் தொடங்கியது. நிரந்தர வதிவிட உரிமை இல்லாவிட்டாலும், சட்டப்படி அங்கே இருந்த வெளிநாட்டவர் குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்திருந்தால் அப்போது சேர முடிந்தது. 30-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்த அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. இரண்டும் சண்டை போடாமல் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, விருந்துக்கு வருகிறேன். எங்கள் கலியாண வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி வரவேற்கிறோமே, அங்கே அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் ஓர் இளம் அதிகாரி நிற்பார். அவரிடம் பெயரைச் சொன்னால் அவர் அடுத்து நிற்கிற தளபதிக்கு அதை உரக்கச் சொல்லுவார். தளபதி கை கொடுப்பார், பிறகு அவருடைய மனைவி, பிறகு பிரதம விருந்தினர். வரிசைக்குள் கிளாஸோடு போகக் கூடாது. பெயர் கேட்கிற அந்த இளம் அதிகாரிக்குக் கை கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் கணவர் காருக்குள் வைத்து எனக்குச் சொன்னவர்தான். என் கவனம் முழுக்கச் சாறி மடிப்பில். போன வேகத்தில் அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டேன். பாவம், அவர் கையை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். பின்னால் வரிசை தேங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் என்று இருக்கிற இடத்தில் தகப்பன் பெயரைத்தானே எழுதுகிறோம். அந்த அதிகாரி அந்தப் பெயரை வைத்து, "சார்ஜன்ட் இன்னார், திருமதி இன்னார்" என்று மண்டபம் கேட்க அறிவித்தார். அந்த இன்னார் என் மாமா! என்னைப் பட்டென்று மாமாவின் பெண்சாதி ஆக்கிவிட்டார்கள். மாமாவின் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். உண்மையான திருமதி இன்னார் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறா. மாமி, கோபிக்க வேண்டாம். அந்த இரவு முழுக்க உங்களுடைய பெயரில்தான் சாப்பிட்டேன்.

எதிரணித் தலைவருக்கு இது வசதியாக இருக்கும். "பார்த்தீர்களா, சொந்தப் பெயர் கூட இல்லை" என்பார். ஆனால் அந்த வரிசையில் யார் முன்னால் போனது என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் மனைவி முன்னால், சீருடை போட்டவர் பின்னால். அதுதான் முறை. தளபதி முதலில் கை கொடுத்தது எனக்கு.

பெண் அங்கே பேசவில்லை, கட்டளை இடவில்லை, சும்மா நின்றாள் என்கிறார்கள். சும்மா நிற்பது என்றால் என்ன? எங்கள் கலியாணத்தில் தாரை வார்க்கும்போது தாய் என்ன பேசுகிறா? ஒன்றும் இல்லை. செம்பால் தண்ணீர் வார்க்கிறா. அந்தத் தண்ணீர் விழாமல் கன்னிகாதானம் நடக்குமா, ஐயா? கோயிலில் உபயகாரர் பெண்சாதியோடு வந்து பூசைக்கு நிற்கிறார். அவ மந்திரம் சொன்னாவா? மேளம் அடித்தாவா? ஆனால் அவ வராவிட்டால் "ஏன் அவ வரேல்லை?" என்று ஊர் முழுக்கக் கேட்கும். அலங்காரம் வராவிட்டால் யாராவது கேட்பார்களா?

உடுத்திக்கொண்டு போனதைக் குற்றமாகச் சொல்கிறார்கள். உடுத்தினேன் ஐயா, வடிவாக உடுத்தினேன், மறுக்கவில்லை. நல்லூரானை நாங்கள் என்னவென்று சொல்கிறோம்? அலங்காரக் கந்தன். இருபத்தைந்து நாளும் என்ன சாத்துப்படி என்று பார்க்கத்தானே இடிபடுகிறோம். அதற்காக முருகன் அங்கே அலங்காரத்துக்காக வைத்த பொருள் என்று வாத்தியார் வீதியில் நின்று சொல்லட்டும் பார்ப்போம். வீடு வந்து சேர மாட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அங்கே சில பெண்கள் கணவரின் பதவியைத் தங்கள் தோளில் குத்திக்கொண்டு திரிவார்கள். மனைவிக்குப் படையில் தரம் கிடையாது, ஆனால் கதிரையில் இருக்கிற விதத்தில் மேஜரா கேணலா என்று தெரிந்துவிடும். இது டெக்சாஸ் வியாதி என்று நினைக்காதீர்கள். எங்கள் ஒழுங்கைக்குள் டொக்டர் பெண்சாதி நடக்கிற நடை வேறு, எஞ்சினியர் பெண்சாதி நடக்கிற நடை வேறு. அந்த வகையினரை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், தாராளமாகக் கொடுக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு பெரிய கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்கள். பிரிவின் சரித்திரத்தை அதற்குள் ஊற்றுவார்கள். ஒருவர் வந்து "இது இன்ன போரின் நினைவாக" என்று ஒரு போத்தலைக் கவிழ்ப்பார். அடுத்தவர் வந்து "இது பாலைவன மணலுக்காக" என்று ஏதோ ஒரு தூளைக் கொட்டுவார். ஒருவர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கூட அதற்குள் முக்கினார், சத்தியமாக. பிறகு அதை அகப்பையால் அள்ளிக் குடிக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு இது விசித்திரமாக இருக்கும், இல்லையா?" என்றாள். நான் சொன்னேன்: எங்கள் ஊரில் ஒடியல் மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் ஒரே பானைக்குள் போட்டுக் கூழ் காய்ச்சி, ஊரே சுற்றி இருந்து பிலாவிலையில் குடிக்கும், ஆனால் காலுறை மட்டும் போடுவதில்லை. அன்றிலிருந்து அவள் எனக்குச் சிநேகிதி.

இப்போது அந்தச் சின்னப் பைக்கு வருகிறேன். அதற்குள் என்ன இருந்தது என்று வாத்தியார் கேட்கவில்லை. ஆறு ஊசி, இரண்டு பனடோல், மடித்த ஒரு கடதாசி. கடதாசியில் பன்னிரண்டு குடும்பங்களின் தொலைபேசி இலக்கங்கள். அந்த விருந்துக்கு முந்திய ஒன்பது மாதம் பிரிவு குவைத்தில் இருந்தது. ஆண்கள் போய்விட்டால் வீடுகள் என்ன ஆவது? மனைவிமார்தான் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆளுக்குச் சில குடும்பம் என்று பொறுப்பெடுத்தோம். ஒருத்தியின் கார் வழியில் நின்றுவிடும், ஒருத்தியின் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல். ஒருத்திக்கு வயிற்றுவலி வந்து, லைசன்ஸ் எடுத்து மூன்று மாதமே ஆன நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் கத்தினாள், நானும் கத்தினேன். பெண்குழந்தை. விருந்து டிக்கெட் சாதாரண சிப்பாய்களும் வாங்கக் கூடிய விலைக்கு வரவேண்டும் என்று கேக் சுட்டு விற்றுக் காசு சேர்த்ததும் நாங்கள்தான். வீட்டுக்காரியே சமைத்து, வீட்டுக்காரியே பரிமாறுகிற விருந்தில் அவளைப் பூச்சாடி என்கிறார்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பிக்கு வருகிறேன். அவர் சிரிக்க வைக்கவில்லை. "சீருடையைக் கண்டால் வேலி பிரித்து ஓடிய சனம் நாங்கள். அந்தச் சீருடைக்குப் பக்கத்தில் சாறி கட்டி நிற்பதற்கு அலங்காரம் என்பதே மரியாதையான சொல்" என்றார். தம்பி, 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்த சனத்தில் நானும் ஒருத்தி. எட்டு வயது. அப்பா சைக்கிளை உருட்ட, நான் கரியரில் அரிசி மூட்டைக்கு மேலே. அந்த மண்டபத்தில் கொடி கொண்டுவரும்போது நடுவில் இரண்டு கொடி, இரண்டு பக்கமும் இரண்டு துவக்கு. சப்பாத்துச் சத்தம் கேட்டதும் என் வயிறு இறுகியது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். கால் நடுங்கியது சாறிக்குள் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் கலியாணப் படம் இருக்கிறது. சீருடைப் படத்தை அம்மா இன்றைக்கும் கொழுவவில்லை, அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அந்தப் படை எந்தெந்த நாட்டுக்குப் போய் என்னென்ன செய்தது என்பது வேறு பட்டிமன்றம். தலைப்புப் போடுங்கள், எந்த அணியில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அந்த மண்டபத்தில் இன்னொன்றும் இருந்தது. மேடைக்குக் கிட்ட, ஒருவருக்கு மட்டுமான சின்ன வட்ட மேசை. வெள்ளை விரிப்பு. ஒற்றைச் சிவப்பு ரோசாப்பூ. தட்டில் ஒரு துண்டு தேசிக்காய், கொஞ்சம் உப்பு. கவிழ்த்து வைத்த கிளாஸ். எரிகிற மெழுகுதிரி. வெறுங்கதிரை. போரில் பிடிபட்டவர்களுக்கும் காணாமற் போனவர்களுக்கும் வைக்கிற மேசை அது. வியட்நாம் போர்க் காலத்தோடு வந்த வழக்கம். விளக்கை மங்கலாக்கிவிட்டு ஒருவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தேசிக்காய், அவர்களுக்கு நேர்ந்த கசப்பு. கிளாஸ் கவிழ்ந்திருப்பது, அவர்கள் இன்றைக்கு எங்களோடு குடிக்க முடியாது என்பதால். உப்பு, அவர்களுக்காகக் காத்திருக்கிற குடும்பத்தின் கண்ணீர்.

எங்கள் பெரியம்மாவை இங்கே பலருக்குத் தெரியும். அண்ணா 2009-க்குப் பிறகு இல்லை. இல்லை என்று சொல்லவும் பெரியம்மா விட மாட்டா. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கிடையாது. அவனுடைய சைக்கிளுக்கு மாதத்துக்கு ஒருமுறை காற்று அடிப்பா. 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கிய பிறகு, பஸ் ஏறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வருவா. அந்த மேசையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண், கூழ்ச் சிநேகிதிதான், ஒன்றும் கேட்காமல் கை துடைக்கிற துணியை என் பக்கம் தள்ளினாள். மண்டபம் நிறையப் பதக்கங்கள் இருந்தன, தம்பி. அந்த மேசையில் இருக்கிற உப்பு யாருடையது? சீருடை போட்டவருடையதா? அது வீட்டில் இருப்பவளுடையது. அதை எடுத்துவிட்டால் அந்த மேசை நிறையாது.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரேயொரு விஷயம்.

அடுத்த விருந்துக்கும் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டை, பத்தொன்பது இருபது வயது இருக்கும். கலியாணம் முடித்துச் சில மாதம்தான் என்று பிறகு சொன்னாள். இரவல் உடுப்பு, தோளில் நிற்காமல் வழுகிக்கொண்டே இருந்தது. என் பைக்குள் இருந்து இரண்டு ஊசி எடுத்துக் குத்திவிட்டேன். கிட்டப் போனதும் அவள் கை தன்பாட்டில் அந்த இளம் அதிகாரியை நோக்கி எழும்பியது. முழங்கையில் மெதுவாகப் பிடித்தேன். "அவருக்கு இல்லை, பிள்ளை, அடுத்தவருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவசரத்தில். அவளுக்கு விளங்கியது.

மணி அடிக்க வேண்டாம் ஐயா, இறங்குகிறேன்.