கூரைக்கு மேல் கூரை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காலம் தொடங்குவதற்கு இடையில் நமக்குக் கிடைக்கும் சில வாரங்களில்தான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கூரை வேலைகள் மும்முரமாக நடக்கும். ஓடாவிமாரையும் மேசன்மாரையும் இந்த நாட்களில் பிடிப்பதே பெரும் பாடு. அப்படிப் பிடித்துவிட்டாலும், எத்தனை நாள் கூலி, மழைக்கு முன் முடியுமா என்ற கணக்கு உடனே வந்துவிடுகிறது. அந்தக் கணக்கிலிருந்துதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வியும் பிறக்கிறது. பழைய கூரையைக் கழற்றாமல், அதன் மேலேயே புதிய கூரையைப் போட்டுவிடலாமா?

தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பல வீட்டு முற்றங்களில் நின்று கேட்டிருக்கிறேன். அண்மையில் களுவாஞ்சிகுடியில் எனக்கு மச்சாள் முறையான ஒருவர் கேட்டார். அவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டுக் கூரையில் நடந்த வேலையைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பி, "இஞ்ச ஒரு நாளைக்குள்ள மேலாலயே அடிச்சிட்டுப் போறானுகள் அம்மா, நீங்க ஏன் ஓட்டைக் கழட்டிக் கஷ்டப்படுறீங்க?" என்று சொல்லியிருந்தார். மச்சாள் அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "இதில ஏதும் பிழை இருக்கா மச்சான்?" என்றார். படத்தில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூரையும் நம்முடைய கூரையும் ஒரே வகையானவை அல்ல.

வட அமெரிக்க வீடுகளின் கூரையில் பெரும்பாலும் இருப்பவை ஷிங்கிள் எனப்படும் மெல்லிய துண்டுகள். கண்ணாடி இழையால் ஆன விரிப்பைத் தாரில் தோய்த்து, மேலே சிறு கல் மணிகளைப் பதித்துச் செய்யப்படுபவை அவை. அவற்றின் கீழே கைமரங்களின் மேல் ஒட்டுப்பலகையால் ஆன தளம் ஒன்று இடைவெளியே இல்லாமல் விரிந்திருக்கும். ஆணியை எங்கே அடித்தாலும் அது பலகையைப் பிடிக்கும். அதனால்தான் பழைய ஷிங்கிளின் மேலேயே புதிய ஷிங்கிளை அடிக்க முடிகிறது. முகட்டில் உள்ள பழைய துண்டுகளைக் கழற்றி, சுருண்டு நிற்கும் மூலைகளை வெட்டித் தட்டையாக்கி, புதிய துண்டின் மேல் விளிம்பைப் பழைய வரிசையின் கீழ் விளிம்போடு முட்டுமாறு வைத்து வரிசை வரிசையாக ஏறிச் செல்வார்கள். ஆணி சற்று நீளமானதாக இருக்க வேண்டும். இரண்டு அடுக்கையும் தாண்டிப் பலகைக்குள் குறைந்தது முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். காற்று மிகுந்த இடங்களில் ஒரு துண்டுக்கு நான்கு ஆணி போதாது, ஆறு அடிக்க வேண்டும். பழைய துண்டின் அளவும் புதிய துண்டின் அளவும் பொருந்தாவிட்டால் இந்த முட்டும் முறை கைகூடாது. கூரை திட்டுத் திட்டாகத் தெரியும்.

அங்கேயும் இதற்கு எல்லை உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிக்கோவை, ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருக்குமானால் மூன்றாவதை அனுமதிப்பதில்லை. பழைய கூரை நீரில் ஊறி உளுத்திருந்தாலும் மேலே போட அனுமதியில்லை. நேயர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது: பழைய கூரை களிமண் ஓடாகவோ, சிமெந்து ஓடாகவோ, அஸ்பெஸ்டஸ் சிமெந்து ஓடாகவோ இருந்தால் அதன் மேல் புதிய கூரையை நேரடியாக அடிக்க அந்த விதிக்கோவையே இடம் தருவதில்லை. கனடாவில் இருக்கும் மகன் பார்த்த வேலை சரியானது. ஆனால் அவருடைய அம்மாவின் வீட்டுக் கூரை ஓடு.

நம்முடைய ஓட்டுக் கூரையில் பலகைத் தளம் இல்லை. கைமரத்தின் மேல் குறுக்கே அடித்த சலாகை, சலாகையின் மேல் ஓடு, அவ்வளவுதான். பெரும்பாலான ஓடுகள் ஆணியே இல்லாமல் சலாகையில் கொளுவி நிற்கின்றன. ஓட்டைத் துளைத்து ஸ்குரூ ஆணி ஏற்றினால் ஓடு வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் ஓட்டுக்கும் சலாகைக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் ஆணி ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே ஓட்டின் மேல் சீற் போடுவது பற்றிய பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். கழற்றத்தான் வேண்டும்.

கழற்றிய பிறகு நடப்பதுதான் என்னை இந்த ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறது. ஓட்டை இறக்கிவிட்டு, அதே கைமரத்திலும் அதே சலாகையிலும் துத்தநாக அலுமினியப் பூச்சுத் தகட்டை அடித்துவிட்டு, "பாரம் குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று நம்மவர்கள் நிம்மதி அடைகிறார்கள். பாரம் குறைந்தது உண்மைதான். ஒரு சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் ஏறத்தாழ 15 ஓடுகள் இருக்கும்; அவை 40 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். அதே பரப்பில் தகடு 4 அல்லது 5 கிலோகிராம்தான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 4 தொன் அளவுக்கு இருந்த பாரம் அரைத் தொன்னுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பாரந்தான் இத்தனை ஆண்டுகளாகக் கூரையைச் சுவரின் மேல் அமர்த்தி வைத்திருந்தது என்பதை யாரும் நினைப்பதில்லை.

காற்று கூரையைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். தாவாரத்திலும், முகட்டு ஓரத்திலும், கூரையின் நான்கு மூலைகளிலும் இழுவை நடுப்பகுதியைவிடக் கூடுதலாக இருக்கும். கதவோ யன்னலோ காற்றுக்குத் திறந்துவிட்டால் உள்ளேயிருந்தும் காற்று கூரையை ஊதும். ஓட்டுக் கூரையில் இடுக்குகள் உண்டு. அவற்றின் வழியே அழுத்தம் ஓரளவு கசிந்துவிடும், சில ஓடுகள் பறக்கும், கூடு நிற்கும். தகட்டுக் கூரையில் கசிவுக்கு இடமில்லை. அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், போனால் முழுதாகப் போகும்.

1978 நவம்பர் 23 சூறாவளி இரவை நேரில் கண்ட நேயர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான் அப்போது பள்ளிச் சிறுவன். விடிந்து பார்த்தபோது எங்கள் ஊரில் தென்னைகள் தலையின்றி நின்றன. எவருடைய வீட்டுத் தகரம் எவருடைய வளவில் கிடக்கிறது என்று தெரியவில்லை. பல தகரங்களோடு சலாகையும் சேர்ந்தே வந்திருந்ததை நான் அன்று வெறும் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். ஆணி தகரத்தை விடவில்லை, சலாகைதான் கைமரத்தை விட்டிருந்தது என்பது பிற்காலத்தில் தொழிலைக் கற்றபோதுதான் விளங்கியது.

ஆகவே தகடு போடும்போது பார்க்க வேண்டியது ஒரு சங்கிலி. தகடு சலாகையைப் பிடிக்க வேண்டும், சலாகை கைமரத்தைப் பிடிக்க வேண்டும், கைமரம் சுவரின் மேலுள்ள வளையைப் பிடிக்க வேண்டும், வளை சுவரின் கொங்கிறீற் பட்டியைப் பிடிக்க வேண்டும். நல்ல ஸ்குரூ ஆணி வாங்கி முதற் கண்ணியை இறுக்கிவிட்டு மற்ற மூன்றையும் பழைய துருவாணிகளிடம் விட்டுவிடுவதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. ஓடு இருந்த காலத்தில் கைமரத்தை வளையில் வைத்து ஒரு சாய்ந்த ஆணி அடித்தால் போதுமாக இருந்தது. பாரம் அதை அழுத்திக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டியை வளைத்து இருபுறமும் அடிக்க வேண்டும். வளையைக் கொங்கிறீற்றில் இறக்கிய நீண்ட போல்ற்றால் பிடிக்க வேண்டும். தாவாரம், முகடு, ஓரம் ஆகிய இடங்களில் தகட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்குரூ இருக்க வேண்டும்; நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். றப்பர் வாசர் தட்டையாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் அது சில வெயிலிலேயே வெடித்துவிடும் என்பதையும் வேலையாட்களிடம் சொல்லி வையுங்கள்.

பழைய தகரத்தின் மேல் புதிய தகடு போடலாமா என்ற கேள்வி சற்று வேறானது. இங்கே ஆணி பிடிப்பதற்கு வழியுண்டு. அதனால் பலர் செய்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. துருப்பிடித்த தகரத்தோடு புதிய தகடு ஒட்டிக் கிடக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். கல்லடியைப் போல ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியும் உள்ள ஊர்களில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். புதிய தகட்டின் அடிப்பூச்சு நாம் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து அரிக்கப்படும். எப்படியும் மேலேதான் போடுவேன் என்பவர்கள், பழைய தகரத்தின் மேல் புதிய சலாகைகளை வைத்து, கீழேயுள்ள கைமரம் வரை இறங்கும் நீண்ட ஆணியால் அவற்றைப் பிடித்து, காற்றோடும் இடைவெளியோடு தகட்டை ஏற்ற வேண்டும். அந்த இடைவெளி வெயிலையும் ஓரளவு தணிக்கும். அணிலும் எலியும் வௌவாலும் அதில் குடியிருக்க வரும் என்பதால் தாவாரத்து வாயைக் கம்பி வலையால் மூட வேண்டும். இத்தனையும் செய்யும் செலவில் பழைய தகரத்தைக் கழற்றும் ஒரு நாள் கூலி பெரிய தொகை அல்ல.

அஸ்பெஸ்டஸ் சீற் பற்றி மட்டும் நான் வேறு தொனியில் பேச வேண்டியிருக்கிறது. அதன் நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. நாரை மூச்சில் எடுத்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் பல பத்தாண்டுகள் செல்லக்கூடும். 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைத் தடுப்பதென நம் நாட்டில் முடிவு செய்யப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியதும், அஸ்பெஸ்டஸை நமக்குப் பெருமளவில் விற்கும் நாடும் அதுவே என்பதால், அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் தலைக்கு மேலுள்ள சீற்றுக்கும் மலையகத்துத் தேயிலைக்கும் அப்படியொரு தொடர்பு.

முழுதாக, உடையாமல், யாரும் தொடாமல் இருக்கும் சீற்றினால் வரும் ஆபத்து குறைவு. துளைக்கும்போதும், கிறைண்டரால் வெட்டும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும்தான் தூசி கிளம்புகிறது. அதனால் 'மேலாலே மூடிவிட்டால் தூசி வராதே' என்ற வாதம் மற்றக் கூரைகளைவிட இங்கே சற்று வலுவானது. ஆனால் மூடுவதற்காக நூற்றுக்கணக்கான துளை போட வேண்டியிருந்தால், தவிர்க்க நினைத்த தூசியை நாமே வீட்டுக்குள் கொட்டுகிறோம். தவிர, பழைய சீற் கண்ணாடியைப் போல நொறுங்கும். அதன் மேல் கால் வைத்தவர் நேரே கீழே விழுவார். நன்றாக நனைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி, சீற்றை முழுதாகவே இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி ஒதுக்குவதே நான் சொல்லும் வழி. இறக்கிய சீற்றை உடைத்துக் கோழிக்கூட்டுக்கும் முற்றத்துப் பள்ளத்துக்கும் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் மண் அது.

மரத்தைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நண்பகலில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஒளி வரும் துளைகள் தெரியும். முகட்டின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்தால் முகட்டு வளை தொய்ந்திருக்கிறதா என்று தெரியும். கைமரம் சுவரில் அமரும் இடத்தில் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். முதிரையும் வைரம் பாய்ந்த பனையும் ஆணியைத் தடுக்கும், கறையான் தின்ற மரம் உள்ளே விட்டுவிடும். மேலே மூடிவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

களுவாஞ்சிகுடி மச்சாளின் வீட்டில் ஓட்டை இறக்கிப் பார்த்தபோது தெற்குப் பக்கக் கைமரங்களில் ஐந்து, சுவரோடு சேரும் முனையில் உக்கிப் போயிருந்தன. வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை; உள்ளே சீலிங் மறைத்திருந்தது. மகன் அனுப்பிய பணத்தில் தகட்டுக்கென வைத்ததிலிருந்து ஒரு பகுதியை மரத்துக்கும் இரும்புப் பட்டிக்கும் மாற்ற வேண்டி வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. இறுதியில் முன் விறாந்தைக்குத் தகடு போதாமல், உடையாத பழைய ஓடுகளையே தெரிந்தெடுத்து அதற்கு வேய்ந்தோம். மழைக்கு முன் மீதியையும் மாற்றித் தருமாறு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர், விறாந்தையில் பகலில் படுத்துப் பார்த்த பிறகு, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

நன்றி, வணக்கம்.