கொடி ஏறிய வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு பழைய போர்க்கொடியை அரசாங்கக் கட்டடத்தில் பறக்கவிடலாமா என்று ஒரு சண்டை. திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறவனுக்கு அந்தக் கொடிச் சண்டையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்குதுங்க. எங்களுக்குக் கொடி என்பது முதலில் ஒரு ஆர்ட்வொர்க். சிவப்புத் தளம், குறுக்கே எக்ஸ் மாதிரி இரண்டு நீலப் பட்டை, அதற்கு வெள்ளைக் கரை, பட்டைக்குள் 13 வெள்ளை நட்சத்திரம். வெள்ளை பனியன் என்றால் சிவப்புக்கு ஒரு ஸ்கிரீன் (மை இழுக்கும் வலைச் சட்டம்), நீலத்துக்கு ஒரு ஸ்கிரீன், முடிந்தது. வெள்ளையைத் துணியே கொடுத்துவிடும். கறுப்பு பனியன் என்றால்தான் அடியில் வெள்ளை இழுத்துக் காயவிட வேண்டும். டேபிளில் நிற்கும் பையனைக் கேட்டால், ஏதோ பைக் கிளப் டிசைன் என்பான்.

அது, அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்காவை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்களின் போர்க்கொடி. 1861 முதல் 1865 வரை நடந்த போர். அந்த அடிமைகள் பறித்தது பருத்தி. போரில் அந்தப் பருத்தி இங்கிலாந்து மில்லுக்குப் போகாமல் நின்றபோது இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது. கோவை ஜில்லா கரிசல் காட்டுப் பஞ்சும் அதில் சேர்த்திதான். ஆக, நமக்குச் சம்பந்தமே இல்லாத கதை என்று சொல்ல முடியாது.

அந்தக் கொடியை விரும்புகிறவர்கள், ‘எங்கள் பாட்டன் பூட்டன் இதன் கீழ் நின்று செத்தான், இது எங்கள் பாரம்பரியம்’ என்கிறார்கள். அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் தேதி பார்த்தே பழகியவன் நான். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954. ஜார்ஜியா மாநிலம் தன் கொடிக்குள் இந்தப் போர்க்கொடியைச் சேர்த்தது 1956. தென் கரோலினாவின் சட்டமன்றக் கட்டடத்தில் அது ஏறியது 1961. போரின் நூற்றாண்டு என்றார்கள், விழா முடிந்தும் இறக்கவில்லை. பாட்டனுக்கு மரியாதை செய்ய இத்தனை வருஷம் ஏன் பொறுத்திருந்தார்கள்?

கொடி என்றதும் நம் ஆட்களுக்குக் குமரன் ஞாபகம் வரும். சென்னிமலையில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. அன்றைய சர்க்காருக்கு அதுவும் கலகக் கொடிதான். அப்படியானால் எல்லாக் கொடியும் ஒன்றுதானே என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எப்படிங்க ஒன்றாகும்? குமரனுக்கு எதிரே நின்றது அரசாங்கம். தென் கரோலினாவிலோ கொடியை ஏற்றி வைத்திருந்ததே அரசாங்கம். அடிமையாக வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரியும் கட்டிக்கொண்டு அதை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

2000இல் அதைக் கட்டடத்திலிருந்து இறக்கி, அதே வளாகத்தில் போர் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். 2015 ஜூன் 17 அன்று அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியே வந்தன. துக்கத்துக்கு மற்ற கொடிகள் பாதிக் கம்பத்துக்கு இறங்கின. இது மட்டும் உச்சியிலேயே பறந்தது. சட்டமன்றம் சொல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது என்று சட்டமாம்! ஜூன் 27 அன்று பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கழற்றினார். அவரைக் கைது செய்து, கொடியை மறுபடியும் ஏற்றினார்கள். ஜூலை 10 அன்றுதான் சட்டப்படி இறங்கியது. அதற்குள் வால்மார்ட், அமேசான் எல்லாம் அந்தக் கொடி போட்ட சரக்கை விற்பதை நிறுத்திவிட்டன. எங்கள் தொழிலில் அந்தச் செய்திதான் முதலில் காதில் விழுந்தது.

இறக்கிய கொடி அருங்காட்சியகத்துக்குப் போனது. அது சரியான இடம். எரிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். யார் ஏற்றினார்கள், எந்த வருஷம், எதற்கு என்று பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். ஒருவர் தன் வீட்டு மாடியில் கட்டினால் அது அவர் பாடு. சட்டமன்ற வாசல் அவர் வீட்டு மாடி இல்லையே. நம் பக்கமும் கொடிக்கம்பம் லேசான விஷயமில்லை. பொது இடங்களில் இருக்கும் கட்சிக் கம்பங்களை எடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும் எத்தனை கட்சிக்குக் கோபம் வந்தது!

சரி, அந்த ஆர்ட்வொர்க் என் பட்டறைக்கு வந்தால்? அருங்காட்சியகத்துக்கோ, போரைக் காட்டும் சினிமாவுக்கோ என்றால் ஸ்கிரீன் போடுவேன். கடையில் தொங்கவிட என்றால், ஆர்டர் கொடுக்கும் பையரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். வணக்கம்.