மிஸ்ர சாப்பு எழுதப் போய் 8-ஐ மறந்த கதை

[ராவான் தட்டும் ஓசை]

கேட்டீர்களா? இந்த ராவான் மேளத்தின் தட்டை நோட்டாக எழுதுவது சுலபம், மிஸ்ர சாப்புத் தாளத்தின் 'தகிட தக திமி'யை எழுதப் போய்த்தான் நான் ஒரு ராத்திரி தூங்கவில்லை.

வணக்கம், மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து பேசுகிறேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மன்னிக்கவும். லிலிபாண்ட் என்பது இசை நோட்டை மவுஸால் இழுத்து வைக்காமல் எழுத்தாகத் தட்டி எழுதுகிற இலவச மென்பொருள், 1996-இலிருந்து இருக்கிறது, அறிமுகம் போதும்.

நம் மொரீஷியஸ் இசையான செகாவுக்குப் பிரச்சினையே இல்லை. தாள அளவைச் சொல்லும் டைம் கட்டளைக்குப் பின்னால் 6/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு எட்டாம் பங்கு நோட்டு என்று போட்டால், அவற்றை மூன்று மூன்றாக அதுவே பீம் என்ற இணைப்புக் கோடு போட்டுச் சேர்த்துவிடும். அதே ஆறு நோட்டை 3/4 என்று கொடுங்கள், ஆறையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும். ராவான்காரரிடம் அந்தத் தாளை நீட்டினால், மேளத்தின் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிக்கொண்டே சிரிப்பார்.

இப்போது சிக்கல். பாடத்தில் 6/8-ஐத்தான் காம்பவுண்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிவதால். லிலிபாண்டிலோ காம்பவுண்ட்மீட்டர் என்ற கட்டளை வேறு வேலைக்கு: 3+2+2 மாதிரி கூட்டி எழுதும் அளவுக்கு. ஒரே சொல், இரண்டு வேலை, யார் வைத்த பெயரோ!

கோயில் பஜனைப் பிள்ளைகளுக்காக மிஸ்ர சாப்பில் ஒரு பாட்டை எழுத உட்கார்ந்தேன். ஏழு அட்சரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எட்டாம் பங்கு நோட்டு, தட்டு விழுவது 3, 2, 2 என்று. சரி என்று காம்பவுண்ட்மீட்டருக்குப் பின்னால் அடைப்புக்குள் ((3 2 2)) போட்டேன். ஏழாவது நோட்டில் விழ வேண்டிய, சுற்று முடியும் கோடு இருபதாவதில் போய் விழுந்தது!

ஏன் தெரியுமா? கடைசி எண்ணை அது கீழ் எண்ணாக, அதாவது எத்தனையாம் பங்கு நோட்டு என்று சொல்லும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். நான் கொடுத்தது அதன் கணக்கில் 3+2, கீழே 2, அதாவது ஐந்து அரை நோட்டு, எட்டாம் பங்கில் எண்ணினால் இருபது. ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை, மரியாதையாக அப்படியே அச்சடித்துக் கொடுத்தது. சரியானது ((3 2 2 8)).

[திரையில்: 3+2+2, கீழே 8]

தாளில் வெறும் 7/8 தெரிந்தால் போதும் என்றால் டைம் கட்டளையிலேயே 3,2,2 என்று எழுதி, பின்னால் 7/8 போடலாம், பீம் சரியாக விழும். எனக்கு என்னவோ பிள்ளைகளுக்குக் கூட்டல் கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் ஏழையும் ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறார்கள்.

கண்ட சாப்பு, 2+3. அடைப்புக்குள் என்ன போடுவீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். 8-ஐ மறந்தவர்கள் லைக் மட்டும் போட்டால் போதும்.