மேசையில் ஒரே ஒரு டப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில். நவம்பர் கடைசியில் இங்கே ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் தொடங்கும். சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், புதிதாக பிரைமரும் (அடியில் வைக்கும், முதல் பொறியைத் தரும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கிக்கொள்பவர்கள் இங்கே நிறைய. ஹேண்ட்லோடிங் என்பார்கள். அதைப் பத்திரமாகச் செய்வது பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் வனவிலங்கு வேட்டைக்குச் சட்டப்படி தடை, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம். நான் பேசப்போவது இங்குள்ள பழக்கத்தைப் பற்றி மட்டும்.

"வீட்டில் மருந்தை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று பலரும் கேட்பார்கள். புகையில்லா மருந்து திறந்த இடத்தில் கொஞ்சமாகக் கிடந்தால் குப்பென்று எரியும், அவ்வளவுதான். மூடிய இடத்தில் எரியும்போதுதான் அதன் குணமே மாறும். 1906-இல் வந்த தேர்ட்டி ஆட் சிக்ஸ் தோட்டாவை இன்றும் மான் வேட்டைக்கு எடுத்துப் போகிறார்கள். அதற்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 35. அந்த அழுத்தம் எழுவது நம் கன்னத்துக்குப் பக்கத்தில்.

மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம்மூர்த் தட்டான் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். அரைக் குன்றிமணி எடைக்குக் கணக்குப் பார்க்கிற வேலை இது. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருந்துக் கம்பெனிகளே சோதித்துப் புத்தகமாகப் போடுகின்றன. அதில் தொடக்க அளவு என்று ஒன்றும் உச்ச அளவு என்று ஒன்றும் இருக்கும். தொடக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். குண்டை மாற்றினாலும் சரி, பிரைமரை மாற்றினாலும் சரி, கூட்டை மாற்றினாலும் சரி, மறுபடி கீழிருந்து வர வேண்டும். ராணுவக் கூடுகளில் பல, சுவர் தடித்தவை. உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்துக்கு அதில் அழுத்தம் கூடிவிடும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். கற்றுக்கொண்ட புதிதில், ஒரு நாள் இரவு மருந்து அளக்கும் குழாயில் பாதி மருந்து இருக்கும்போதே போன் வந்தது. பேசிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் மேசையில் இரண்டு டப்பா. இரண்டிலும் பென்சில் முனையை ஒடித்துப் போட்டதுபோல் ஒரே மாதிரி கறுப்புத் துணுக்குகள். ஒன்று வேகமாக எரிவது, மற்றது மெதுவாக எரிவது. குழாயில் இருப்பது எது? எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் டப்பாக்களைப் பார்க்கக்கூட இல்லை. குழாயைக் கழற்றிக்கொண்டு போய், புல்தரையில் பரவலாகத் தூவிவிட்டார். "இனி மேசையில் ஒரு டப்பாதான். போன் வேறு அறையில்" என்றார். அன்றிலிருந்து என் மேசையில் இரண்டாவது டப்பா ஏறியதில்லை.

மருந்து போட்ட 50 கூடுகளையும் மரக்கட்டையின் குழிகளில் நிறுத்தி, டார்ச் அடித்து வரிசையாகப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிறுப்பேன். மருந்தே விழாத கூடு ஒன்று தப்பிப் போனால், பிரைமர் மட்டும் வெடித்து குண்டைத் துப்பாக்கிக் குழலுக்குள் பாதியில் நிறுத்திவிடும். அதற்குப் பின்னால் அடுத்த குண்டு போனால் குழலே பிளக்கும். அதனால் சத்தம் வழக்கத்தைவிட அமுங்கிக் கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் பார்த்தே ஆக வேண்டும். எதிரில் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் சரி.

கூடும் எல்லாக் காலத்துக்கும் வராது. ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்டு, அடிப்பக்கம் மெலியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். அடிக்குச் சற்று மேலே எங்காவது தட்டி நின்றால், அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அடுத்த முறை அங்கேதான் பிய்யும். இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். பல பிரைமர்களில் ஈயம் உண்டு, குண்டிலும் உண்டு. மேசையை விட்டு எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மனைவி ஒரு பெட்டி தோட்டாவை என்னிடம் கொடுத்தார். அவர் கையால் செய்தவை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து அழிந்திருந்தது. அவரைவிடக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்தவர் செய்த தோட்டாவைச் சுடாதே என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தை அதே புல்தரையில் தூவினேன். கூடுகளைக் கிளிப் விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தட்டவில்லை.

வணக்கம்.