மூன்று மாதக் குட்டிக்கு எதற்கு ரேபிஸ் ஊசி?

[திரையில்: பிரித்து வைத்த ஒரு தடுப்பூசிப் புத்தகம்]

வணக்கம். திரையில் தெரிவது எங்கள் வீட்டு நாய் மணியின் தடுப்பூசிப் புத்தகம். டிஸ்டெம்பர், பார்வோ என்கிற நாய் நோய்களுக்கான வரிசைகளில் நேரத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான வரிசையைப் பாருங்கள். இரண்டு மாதம் தாமதமாகத்தான் நிரம்பியது. மருத்துவர் ஞாபகப்படுத்தாமல் இல்லை, நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். மணி அப்போது ஒரு கைக்குள் அடங்குகிற பொமரேனியன் குட்டி. இந்த உடம்பு அந்த ஊசியைத் தாங்குமா என்று பயம்.

அதே பயத்தோடு இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்த்தால் உரிமம் எடுக்க வேண்டும். உரிமத்துக்கு ரேபிஸ் ஊசி போட்ட சான்று வேண்டும். 2025 கடைசியில் மைக்ரோசிப்பும், அதாவது நாயின் தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லும் சேர்ந்துகொண்டது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். "சட்டம் சொல்கிறது என்பதற்காக என் குட்டிக்கு ஊசி குத்த வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குட்டியைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

முதலில், ரேபிஸ் ஊசிக்கு ஏன் மூன்று மாதம்?

பிறந்த குட்டி முதல் நாள் குடிக்கிற சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் அதன் உடம்புக்குள் வந்துவிடுகின்றன. சில வாரங்களுக்கு அவைதான் காவல். ஆனால் அந்தக் காவல் இருக்கும்போதே ஊசி போட்டால், ஊசியில் இருக்கிற மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். குட்டியின் உடம்பு சொந்தமாக எதையும் கற்றுக்கொள்ளாது. பன்னிரண்டு வாரம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகளில் தாயின் காவல் தேய்ந்திருக்கும். அந்த நேரத்தில் போட்டால்தான் ஊசி வேலை செய்யும். மூன்று மாதக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

சரி, "நாற்பத்தைந்து நாளிலேயே ரேபிஸ் ஊசி போட்டாயிற்று" என்று சொல்லிக் குட்டியைக் கையில் கொடுத்தால்? அதை முடிந்த கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதியை மருத்துவரிடம் காட்டுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி போடுவார். நம் ஊரில் பல மருத்துவர்கள் அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு பூஸ்டரும், ஒரு வயது வாக்கில் இன்னொன்றும் போடுகிறார்கள். முதல் ஊசி போட்டு மூன்று, நான்கு வாரம் போனால்தான் பாதுகாப்பு வந்து சேரும். போட்ட மறுநாளே தெருநாய்களோடு விளையாட விடாதீர்கள்.

[திரையில்: ஊசி மருந்துக் குப்பி, மிக அருகில்]

அடுத்தது என் அம்மா கேட்ட கேள்வி. "ஊசியால் நாய்க்கே வெறி பிடித்துவிட்டால்?"

பெரியவர்களின் இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நம் வீடுகளில் தலைமுறையாகச் சொன்ன கதை. அது உண்மைதான். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குப் போட்ட மருந்து, ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்துத் தயாரித்தது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல காலம் அந்த வகை மருந்துதான் தயாரானது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு நரம்புக் கோளாறும் பக்கவாதமும் வந்தன. 2005 வாக்கில்தான் இந்தியாவில் அதை அடியோடு நிறுத்தினார்கள். இன்று நம் நாய்களுக்குப் போடுகிற மருந்து வேறு. செல்களில் வளர்த்து, பிறகு கொன்றுவிட்ட கிருமி அது. செத்த கிருமி பெருகாது, நோயைத் தராது. ஊசி போட்ட கொஞ்ச நாளில் ஒரு நாய்க்கு ரேபிஸ் வந்தால், ஊசிக்கு முன்பே அதற்குக் கடி விழுந்திருக்கும். கடித்த பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட அறிகுறியே இல்லாமல் உள்ளே இருக்கக்கூடிய நோய் இது.

அப்படியானால் பக்கவிளைவே கிடையாதா? உண்டு. மணிக்கே வந்தது.

ஊசி போட்டு வீட்டுக்கு வந்து இருபது நிமிடம் இருக்கும். மூக்கைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தான். கண்ணைச் சுற்றி வீக்கம், வாய் ஓரம் தடித்துவிட்டது. அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். ஒவ்வாமைக்கு ஊசி போட்டார், இரவுக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. அன்று நான் செய்த தவறு, மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் உட்காராமல் கிளம்பியது. இன்னொன்றும் இருக்கிறது. நாள் தள்ளிப் போனதால் ரேபிஸும் வேறொரு தடுப்பூசியும் ஒரே நாளில் போட்டோம்.

இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை எடுத்து, ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். ரேபிஸ் உட்பட எல்லாத் தடுப்பூசிகளையும் சேர்த்து, 10,000 நாய்களில் சுமார் 38 நாய்களுக்கு ஏதாவது எதிர்விளைவு வந்திருந்தது. சின்ன உடம்புக்காரர்களுக்குத்தான் அதிகம். 10 கிலோவுக்குள் இருக்கிற நாய்க்கு ஒரே தடவையில் கூடுதலாகப் போடுகிற ஒவ்வொரு ஊசிக்கும் அந்த வாய்ப்பு 27 சதவீதம் ஏறியது. இந்த எண்ணைப் படித்தபோதுதான் என் பயத்துக்கு ஒரு வழி கிடைத்தது. சின்ன குட்டி வைத்திருக்கிறீர்களா? "ரேபிஸ் ஊசியைத் தனியாக வேறு நாளில் போடலாமா?" என்று கேளுங்கள். மருத்துவர் தப்பாக நினைக்க மாட்டார். மறு வருடம் மணிக்கு அப்படித்தான் செய்தோம். முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுத்தார், ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் சோர்ந்து படுப்பது, சாப்பாட்டில் பாதியை வைப்பது, ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி, இவை தானாகப் போய்விடும். முகம் வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஈறு வெளுத்துத் துவண்டாலோ உடனே கிளம்புங்கள். குட்டிக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று ஊசி வேண்டாம். தேறிய பிறகு போடலாம், மருத்துவரே நாள் சொல்வார்.

"குட்டிதானே, பாதி மருந்து போடச் சொல்லலாமா?" வேண்டாம். காய்ச்சல் மாத்திரை மாதிரி எடைக்கு எடை அளக்கிற மருந்து இல்லை இது. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப எவ்வளவு வேண்டுமோ அதுதான் அளவு. ராஜபாளையத்துக்கும் பொமரேனியனுக்கும் அது ஒன்றுதான். பாதி போட்டால் புத்தகத்தில் ஸ்டிக்கர் இருக்கும், உடம்பில் பாதுகாப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. "நாட்டு நாய்க்கு எதுவும் வராது" என்பதும் அப்படித்தான். சிப்பிப்பாறை வெயிலைத் தாங்கும், பசி தாங்கும். ரேபிஸைத் தாங்குகிற நாய் இனம் எதுவும் கிடையாது.

[திரையில்: அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி]

மூன்றாவது மாடியை விட்டே இறங்காத நாய்க்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. 2025-இல் உத்தரப் பிரதேசத்தில் 22 வயதுக் கபடி வீரர் ஒருவர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். குட்டி விரலில் லேசாகக் கடித்தது. விளையாட்டில் பட்ட காயம் போல நினைத்து விட்டுவிட்டார். சில மாதத்தில் ரேபிஸால் இறந்தார். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள். மனிதர்களுக்கு வருகிற ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான்.

குட்டிக்குப் பல் முளைக்கிற வயதும் இதுதான். வீட்டுப் பிள்ளைகளின் கையைத்தான் முதலில் கவ்வும். பிள்ளைகள் அடி விழும் என்று பயந்து சொல்லவும் மாட்டார்கள். ஊசி போடாத குட்டியின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் கசிந்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அப்புறம் நேராக ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

இன்னொரு கவலையை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான். மருந்து குளிர்ச்சியில் இருந்ததா? 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. உறையவும் கூடாது. மருந்துக் கடையில் குப்பியை வாங்கி, வண்டியில் மாட்டிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றி வீட்டில் யாரையாவது வைத்துப் போட்டால், அது வேலை செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மருத்துவர் தன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, உங்கள் கண் முன்னால் குப்பியைத் திறந்து போடட்டும். குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் புத்தகத்தில் இருக்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பதும் இந்தச் சான்றைத்தான்.

செலவு யோசனையாக இருந்தால், ஜூலை 6-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் ஊசி போட்ட நாள் அது. அன்று தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடத்துவார்கள். கூட்டம் இருக்கும், பெரிய நாய்கள் குரைக்கும். குட்டியைத் தரையில் விடாமல் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருங்கள். புத்தகத்தை எடுத்துப் போக மறக்காதீர்கள்.